ஜூன்ல கை தூக்கின பிள்ளை அக்டோபர்ல ஏன் வாய மூடிக்குது? கல்வி உளவியல்ல பிஎச்டி பண்ண நினைக்கிறவங்களுக்கு ஒரு பதில்

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மேலாப்ல பாத்தா நீங்க கேட்டிருக்கறது மூணு விஷயம். ஆறு வருஷமா ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ஏழாவது எட்டாவதுக்கு கணக்கு எடுக்கறீங்க, எம்.எட் முடிச்சாச்சு, கல்வி உளவியல்ல சோஷியல் ப்ராசஸ்னு சொல்ற பகுதியில பிஎச்டி பண்ண ஆசை. அதுக்கு எஜுகேஷன் டிபார்ட்மென்ட் போறதா சைக்காலஜி போறதா, நீங்க பேசிப் பாத்த கைடு சொன்ன மாதிரி "நண்பர்கள் செல்வாக்கும் கல்வி அடைவும்"னு தலைப்பு வெச்சு முந்நூறு பசங்களுக்கு கொஸ்டினேர் குடுத்தா போதுமா, அப்புறம் இது மூணு நாலு வருஷம் குடுக்கற அளவுக்கு பெரிய விஷயம் தானா. ஆனா கடைசில, போற போக்குல எழுதின மாதிரி ஒரு வரி இருக்கு: "ஜூன்ல தப்பா இருந்தாலும் கைய தூக்கற பசங்க அக்டோபர்ல வாயே திறக்கறதில்ல, அது ஏன்னு எனக்கு தெரிஞ்சாகணும்." உங்க உண்மையான கேள்வி அது தான். நான் அதுக்கு தான் பதில் எழுதறேன், மத்த மூணும் அதுக்குள்ளயே வந்துடும்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. ஸ்கூல்ல சயின்ஸ் எடுத்துட்டிருந்தேன், அப்புறம் எஜுகேஷன்ல பிஎச்டி, இப்ப பதினாலு வருஷமா எம்.எட் பசங்களுக்கு கல்வி உளவியல் நடத்தறேன், ஸ்காலர்ஸ் சில பேர கைட் பண்றேன். நான் வேலை பாத்தது எல்லாமே ஆறாவதுலேந்து பத்தாவது வரைக்குமான கிளாஸ்கள்ல தான், அதனால காலேஜ் பசங்களுக்கோ எல்கேஜி குழந்தைங்களுக்கோ நான் சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க.

முதல்ல இந்த சோஷியல் ப்ராசஸ்ங்கற வார்த்தைய கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். கல்வி உளவியல்னு பி.எட்ல நமக்கு சொல்லிக் குடுத்தது பெரும்பாலும் ஒரு பிள்ளையோட மண்டைக்குள்ள நடக்கறத பத்தி. நினைவாற்றல், நுண்ணறிவு, ஊக்கம், மனப்பான்மை, இப்படி. சோஷியல் ப்ராசஸ்னா ரெண்டு பேருக்கு நடுவுல, இல்ல ஒரு கும்பலுக்கு நடுவுல, நாள்பட நடக்கறது. டீச்சர் ஒரு பையன எப்படி எடை போட்டு வெச்சிருக்காங்க, அது அவங்க வாயில கண்ணுல எப்படி வெளிய வருது, பையன் அத எப்படி புரிஞ்சுக்கறான், கூட இருக்கற பசங்க அத பாத்து அவன எப்படி நடத்தறாங்க, அதுக்கப்புறம் அவன் எப்படி மாறறான், அத பாத்து டீச்சர் "நான் நினைச்சது சரி தான்"னு எப்படி உறுதி பண்ணிக்கறாங்க. இந்த சங்கிலி முழுக்க சேர்ந்தது தான் ப்ராசஸ். வைகாட்ஸ்கிங்கற ரஷ்ய உளவியலாளர் இத ரொம்ப முன்னாடியே சொல்லிட்டுப் போயிட்டாரு (1934ல, 37 வயசுலயே இறந்துட்டாரு): எந்த உயர்ந்த மனச் செயலும் ரெண்டு தடவ தோணுது, முதல்ல ஆட்களுக்கு நடுவுல, அப்புறம் தான் ஆளுக்குள்ள. எம்.எட்ல நம்ம ஆளுங்க இத ரெண்டு வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ள பேரெழுதி, பத்து மார்க்குக்கு எழுத வெச்சு முடிச்சுடுவாங்க. ஆனா அந்த வரிய நிஜமாவே நம்பினா, ஆராய்ச்சி பண்றவங்க பசங்க மண்டைக்குள்ள தேடறதுக்கு முன்னாடி கிளாஸ்ல நடக்கற பேச்சுக்கு காது குடுக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன், இது என் ஃபீல்ட் நோட்டுலேந்து. எட்டாவது கிளாஸ், நான் கடைசி பெஞ்ச்ல நோட்டோட உக்காந்திருக்கேன். டீச்சர் ரொம்ப நல்லவங்க, பசங்க மேல உசிரையே வெச்சிருக்கறவங்க. ஒரு கேள்வி கேக்கறாங்க, முதல் பெஞ்ச் பொண்ணு எழுந்து தப்பா சொல்லுது. "யோசிச்சுப் பாரு, இங்க கூட்டணுமா பெருக்கணுமா?"ன்னு டீச்சர் நிக்கறாங்க, அந்தப் பொண்ணு முழிக்குது, இன்னொரு தடவ வேற மாதிரி கேக்கறாங்க, மூணாவது முயற்சில சரியா வருது, "வெரி குட்". அஞ்சு நிமிஷம் கழிச்சு ஜன்னல் ஓரத்துல உக்காந்திருக்கற ஒரு பையன கேக்கறாங்க. அவனும் அதே மாதிரி தப்பு தான் பண்றான். "சரி, உக்காரு. வேற யாரு?" அவ்ளோ தான். திட்டல, முகம் சுளிக்கல, குரல் கூட ஏறல. டீச்சர பொறுத்தவரைக்கும் அது ஒரு கருணை, எல்லார் முன்னாடியும் அவன நிக்க வெச்சு சங்கடப்படுத்த வேணாமேன்னு உக்கார வெச்சாங்க. பையனுக்கு போய்ச் சேந்த சேதி வேற. கிளாஸ்ல இருக்கற மத்த நாப்பது பேருக்கும் போய்ச் சேந்த சேதியும் வேற.

இத நான் கண்டுபிடிக்கல. அமெரிக்காவுல ப்ரோஃபி, குட்னு ரெண்டு பேர் 1970லயே நாலு ஒண்ணாங்கிளாஸ் வகுப்புகள்ல உக்காந்து எண்ணிப் பாத்து எழுதிட்டாங்க: நல்லா படிப்பாங்கன்னு டீச்சர் நினைக்கற பிள்ளைங்க தப்பு பண்ணா கேள்விய திருப்பிக் கேக்கறது, க்ளூ குடுக்கறது அதிகம்; படிக்காதுன்னு நினைக்கற பிள்ளைங்ககிட்ட சீக்கிரம் விட்டுட்டு அடுத்த ஆளுக்கு போயிடறாங்க. மேரி பட் ரோவ்னு இன்னொருத்தர், கேள்வி கேட்டுட்டு டீச்சர் எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு அளந்தாங்க. சராசரியா ஒரு செகண்ட். அத மூணு செகண்டா ஆக்கினா பசங்க பதில் நீளமாகுது, பேசாத பிள்ளைங்க கூட வாயத் திறக்குதுங்க. நீங்க நாளைக்கே உங்க கிளாஸ்ல மொபைல்ல ஆடியோ போட்டு உங்க குரலையே கேட்டுப் பாருங்க, யார்கிட்ட நிக்கறீங்க, யார விட்டுட்டு போறீங்கன்னு. நான் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கல.

இப்ப, இந்தத் துறைல எது உறுதி, எது ஆட்டம் காணுதுன்னு பிரிச்சு சொல்லியாகணும், ஏன்னா சினாப்சிஸ், அதாவது பிஎச்டிக்கான ஆராய்ச்சித் திட்டம், எழுதும்போது நிறைய பேர் இங்க தான் வழுக்கி விழறாங்க. டீச்சர் எதிர்பார்ப்பு பத்தி எல்லாரும் முதல்ல சொல்றது ரோசன்தால், ஜேக்கப்சன் ஆராய்ச்சி, 1968ல வெளிவந்தது. கலிபோர்னியாவுல ஒரு ஸ்கூல்ல, சும்மா குலுக்கல் மாதிரி இருபது சதவீத பசங்கள தேர்ந்தெடுத்து "இவங்க இந்த வருஷம் நல்லா முன்னேறப் போறவங்க"ன்னு டீச்சர்கள்கிட்ட சொன்னாங்க, வருஷக் கடைசில அந்தப் பசங்களோட ஐக்யூ மத்தவங்கள விட ஏறிச்சுன்னு முடிவு. நம்ம ஊர் ட்ரெய்னிங்ல "எதிர்பாத்தா பிள்ளை ஜெயிக்கும்"னு இத சொல்லிட்டு கைதட்டல் வாங்கிடுவாங்க. ஆனா அந்த ஏற்றம் தெளிவா இருந்தது ஒண்ணாவது ரெண்டாவதுல மட்டும், மேல் வகுப்புகள்ல அப்படி இல்ல, அளந்த டெஸ்ட்டே சரியில்லன்னு அப்பவே கடுமையான விமர்சனம் வந்துது. 1984ல ராடன்புஷ்னு ஒருத்தர் அது மாதிரி 18 பரிசோதனைகள ஒண்ணா சேத்துப் பாத்தாரு. டீச்சருக்கு அந்தப் பசங்கள ரெண்டு வாரத்துக்கு மேல தெரிஞ்சிருந்தா, வெளியிலேந்து சொல்லி வெச்ச எதிர்பார்ப்பு கிட்டத்தட்ட வேலையே செய்யல, ஏன்னா அதுக்குள்ள டீச்சர் சொந்தமா ஒரு அபிப்ராயத்துக்கு வந்துடறாங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு. ஜூன் மாசத்தோட முதல் ரெண்டு வாரம் எவ்ளோ முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் 2005ல ஜஸிமும் ஹார்பரும் முப்பத்தஞ்சு வருஷ ஆராய்ச்சிய அலசி எழுதினது, டீச்சர் எதிர்பார்ப்போட பாதிப்பு உண்மை தான், ஆனா பொதுவா சின்னது, பல சமயம் டீச்சர் கணிப்பு சரியாவே இருக்கு. சமூகத்துல ஏற்கனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைங்ககிட்ட மட்டும் அந்த பாதிப்பு பெருசாகலாம். அப்ப உறுதியா சொல்ல முடியறது: டீச்சர் பிள்ளைக்குப் பிள்ளை வேற மாதிரி நடந்துக்கறாங்க, பிள்ளைங்களுக்கு அது தெரியுது. சந்தேகத்துல இருக்கறது: அது மட்டுமே ஒரு பிள்ளையோட மார்க்க எவ்ளோ தூரம் தூக்கும் இல்ல தள்ளும்ங்கறது.

இதே மாதிரி இன்னொண்ணு, ஸ்டீரியோடைப் த்ரெட். உன் கூட்டத்துக்கு இது வராதுன்னு ஊர் நினைக்குதுங்கற நினைப்பே பரீட்சைல கைய கட்டிப் போடும்ங்கற கருத்து, 1995ல ஸ்டீலும் ஆரன்சனும் அமெரிக்க கறுப்பின மாணவர்கள வெச்சு காட்டினது. அப்புறம் பொண்ணுங்களும் கணக்கும்னு அதையே நூறு இடத்துல பண்ணாங்க. 2018ல நெதர்லாந்துல ரெண்டாயிரத்துக்கு மேல ஸ்கூல் பிள்ளைங்கள வெச்சு, என்ன அலசப் போறோம்னு முன்னாடியே பதிவு பண்ணிட்டு செஞ்ச ஆராய்ச்சில அந்த விளைவு வரவே இல்ல. அதனால "பெண்களும் கணித அச்சமும்"னு இதையே நம்பி ஒரு தீசிஸ் கட்டிடாதீங்க.

ஆனா நம்ம நாட்டுல ஒரு ஆராய்ச்சி இருக்கு, அத படிச்சப்புறம் எனக்கு இந்த விஷயத்த சுலபமா ஒதுக்க முடியல. கார்லா ஹாஃப், ப்ரியங்கா பாண்டே ரெண்டு பேரும் உத்தரப் பிரதேச கிராமங்கள்ல ஆறாவது ஏழாவது படிக்கற பையன்கள கூப்பிட்டு, காகிதத்துல வழி கண்டுபிடிக்கற புதிர் குடுத்து, சரியா போட்டதுக்கு காசு குடுத்தாங்க. யார் என்ன ஜாதின்னு சொல்லாதப்ப உயர்ஜாதி பையன்களும் தாழ்த்தப்பட்ட ஜாதி பையன்களும் ஒரே அளவுக்கு போட்டாங்க. எல்லார் முன்னாடியும் அப்பா பேரு, தாத்தா பேரு, ஊரு, ஜாதின்னு வாசிச்சுட்டு அதே புதிர குடுத்தப்ப தாழ்த்தப்பட்ட பையன்கள் போட்டது கணிசமா குறைஞ்சுது. புதிர் அதே தான், பையன்களும் அதே மாதிரி பையன்கள் தான், ரூம்ல சத்தமா வாசிச்ச ஒரு வரி மட்டும் வேற. 2006ல வெளியானது. நம்ம ஸ்கூல்கள்ல ஸ்காலர்ஷிப் ஃபார்ம் குடுக்கும்போது "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க"ன்னு சொல்றத நீங்க கேட்டிருப்பீங்க. நானும் கேட்டிருக்கேன், அப்ப எனக்கு அது வெறும் ஆபீஸ் வேலையா தான் தெரிஞ்சுது. இப்ப அப்படி தெரியறதில்ல.

அடுத்தது பசங்களுக்குள்ள நடக்கறது. உங்க கைடு சொன்ன தலைப்பு இந்தப் பக்கம் தான் வருது. இத அளக்கறதுக்கு பழைய வழி மொரேனோ 1934ல எழுதின சமூக அளவி, சோசியோமெட்ரி: "சயின்ஸ் ப்ராஜெக்ட் யார் கூட பண்ண ஆசை, மூணு பேர் எழுது." 1982ல கோய், டாட்ஜ் கூட்டணி அத வெச்சு பசங்கள வகை பிரிச்சாங்க, எல்லாருக்கும் பிடிச்ச பிள்ளை, எல்லாரும் ஒதுக்கற பிள்ளை, யார் கண்லயும் படாத பிள்ளை, சில பேருக்கு ரொம்பப் பிடிச்சு சில பேருக்கு அறவே பிடிக்காத பிள்ளை, நடுவுல சாதாரணம். இதுல ஒதுக்கப்படற பிள்ளையும் கண்ல படாத பிள்ளையும் வேற வேறன்னு பிரிச்சது தான் பெரிய விஷயம், டீச்சருங்க ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்குவோம். என் பிஎச்டி சமயத்துல ஒரு கிளாஸ்ல இத குடுத்துட்டு வீட்டுக்கு வந்து பேப்பர்ல பேரு போட்டு அம்புக்குறி வரைஞ்சேன். ஒரு பொண்ணு பேருக்கு ஒரு அம்பு கூட வரல. அவ மூணு பேர எழுதியிருந்தா, அந்த மூணு பேரும் அவள எழுதல. கிளாஸ் டீச்சர்கிட்ட பொதுவா பேச்சு குடுத்தப்ப அந்தப் பொண்ணப் பத்தி "அவளா, எல்லார் கூடவும் நல்லா பழகுவாளே, ஒரு தொந்தரவும் கிடையாது"ன்னாங்க. தொந்தரவு இல்லாத பிள்ளைன்னா நல்லா பழகற பிள்ளைன்னு அவங்க மனசுல பதிஞ்சிருந்தது. அந்த பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு, பேரு மட்டும் கிழிச்சு எடுத்துட்டேன்.

இங்க ஒரு எச்சரிக்கை, என் அனுபவத்துல பட்டது. இன்டர்வெலுக்கு முன்னாடி பீரியட்ல இந்த ஃபார்ம குடுக்காதீங்க. குடுத்தேன், பெல் அடிச்சதும் வராண்டாவுல "நீ யார எழுதின, என் பேர ஏன் எழுதல"ன்னு ஒரே விசாரணை, ஒரு பிள்ளை அழுதுட்டுது. அப்புறம் கத்துக்கிட்டேன், ஃபார்ம் வாங்கின கையோட பத்து நிமிஷம் வேற ஒரு படம் வரையற வேலை குடுத்து கவனத்த திருப்பிட்டு தான் வெளிய விடணும். "யார பிடிக்காது"ன்னு கேக்கற கேள்விய எத்திக்ஸ் கமிட்டி கேள்வி கேட்காம விடாது, விடவும் கூடாது. அது இல்லாமலே நிறைய கண்டுபிடிக்கலாம்.

சரி, இப்ப உங்க கைடு சொன்ன முந்நூறு பேர் கொஸ்டினேர் விஷயம். அவர குறை சொல்லல, நம்ம பல்கலைக்கழகங்கள்ல கணக்கில்லாத தீசிஸ் இப்படித் தான் வருது, அவருக்கும் அப்படித் தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆனா உங்க கேள்விக்கு அது பதில் தராது, அதுக்கு ரெண்டு காரணம். முதல் காரணம், நல்லா படிக்கற பசங்களுக்கு நல்லா படிக்கற ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கன்னு கோரிலேஷன் வந்தா, ஃப்ரெண்ட பாத்து இவன் படிச்சானா, இல்ல படிக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் தேடிப் போய் சேந்தாங்களான்னு அந்த நம்பர் சொல்லாது. ரெண்டும் இல்லாம, ஒரே டியூஷன் சென்டர் போறதால கூட இருக்கலாம். மான்ஸ்கின்னு ஒரு பொருளாதார அறிஞர் 1993ல இத கண்ணாடியோட ஒப்பிட்டாரு: ஒரு ஆளும் கண்ணாடில அவரோட பிம்பமும் சேந்து அசையறத மட்டும் பாக்கறவருக்கு, பிம்பம் ஆள அசைக்குதா ஆள் பிம்பத்த அசைக்கறாரான்னு எப்படி தெரியும்? இத ஓரளவாவது பிரிக்க, குறைஞ்சது ரெண்டு தடவ அளந்தாகணும். கான்டல் 1978ல நியூயார்க் ஸ்கூல் பசங்கள வருஷ ஆரம்பத்துலயும் கடைசிலயும் அளந்து, யாரு புதுசா ஃப்ரெண்ட் ஆனாங்க, யாரு பிரிஞ்சாங்கன்னு பாத்து, தேடிச் சேர்றதும் சேந்தப்புறம் மாறறதும் கிட்டத்தட்ட சம அளவுல இருக்குன்னு காட்டினாங்க. இப்ப இதுக்குன்னே ஸ்னைடர்ஸ் குழு உருவாக்கின சியனான்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, கத்துக்க ஒரு வருஷம் ஆகும், கஷ்டம் தான், ஆனா கத்துக்கலாம்.

ரெண்டாவது காரணம் கணக்கு, நீங்க கணக்கு டீச்சர்ங்கறதால நேராவே போட்டுக் காட்டறேன். முந்நூறுக்கும் மேலயே போய், பத்து கிளாஸ்ல நாப்பது நாப்பது பேர்னு நானூறு பேர் எடுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஒரே கிளாஸ் பசங்க ஒரே டீச்சர், ஒரே சூழல்னு இருக்கறதால ஒருத்தர மாதிரி ஒருத்தர் இருப்பாங்க இல்லையா, அந்த ஒற்றுமைய ஒரு எண்ணா சொல்லலாம், 0.2ன்னு வெச்சுக்கோங்க. ஃபார்முலா, ஒண்ணோட, கிளாஸ் சைஸ்ல ஒண்ணு குறைச்சு அந்த எண்ணால பெருக்கினத கூட்டணும்: 39 பெருக்கல் 0.2 ஈக்வல் டு 7.8, ஒண்ணு கூட்டினா 8.8. நானூற 8.8ஆல வகுத்தா 45. அதாவது நானூறு பேர்கிட்ட வாங்கின தகவல், கிளாஸ் அளவுல இருக்கற ஒரு விஷயத்த பத்தி பேசும்போது சும்மா நாப்பத்தஞ்சு பேர்கிட்ட வாங்கினதுக்கு சமம். இத கவனிக்காம எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் மென்பொருள்ல நானூறுன்னு போட்டு டி-டெஸ்ட் பண்ணா எல்லாமே சிக்னிஃபிகன்ட்னு, அதாவது தற்செயல் இல்லன்னு வரும், வைவால யாரும் கேக்கலன்னா டிகிரியும் வந்துடும், ஆனா உங்களுக்கு அந்த பசங்க ஏன் வாய மூடினாங்கன்னு தெரிஞ்சிருக்காது. பிள்ளைங்களையும் கிளாஸையும் தனித்தனி அடுக்கா வெச்சு அலசற மல்டிலெவல் மாடலிங் எதுக்கு பிறந்ததுன்னா இதுக்கு தான். சேரப் போற இடத்துல அத சொல்லிக் குடுக்க ஒரு ஆளாவது இருக்காங்களான்னு முதல்லயே கேளுங்க.

இந்தத் துறை நம்ம ஊருக்கு எவ்ளோ தேவைன்னு சொல்ல ஒரு விஷயம் போதும். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஜாதி வெறில கூடப் படிச்ச பசங்களே ஒரு மாணவன வீடு புகுந்து வெட்டின கொடுமைக்கப்புறம், தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமைல ஒரு நபர் குழு போட்டுது. 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. ஜாதிய காட்டற மாதிரி கைல கலர் கயிறு கட்டக்கூடாது, பசங்கள அகர வரிசைப்படி உக்கார வைக்கணும்னு எல்லாம் பரிந்துரை. இத அரசியலா மட்டும் பாத்து ஆதரிச்சும் எதிர்த்தும் நிறைய பேசினாங்க. கல்வி உளவியல் படிச்சவங்களா நாம கேக்க வேண்டியது, உக்கார்ற இடம் மாறினா சிநேகிதம் மாறுமா? இதுக்கு வெளிய கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கு. ஹங்கேரில நாப்பது ஸ்கூல்ல, மூணாவதுலேந்து எட்டாவது வரைக்கும், கிட்டத்தட்ட மூவாயிரம் பிள்ளைங்கள குலுக்கல் முறைல பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுப் பாத்தாங்க, 2021ல வந்த ஆராய்ச்சி. பக்கத்துல உக்காந்த ஜோடி ஒருத்தர ஒருத்தர் ஃப்ரெண்டுன்னு சொல்ற வாய்ப்பு 15 சதவீதத்துலேந்து 22க்கு ஏறிச்சு. வேற வேற மாதிரி பிள்ளைங்களுக்கு நடுவுலயும் ஏறிச்சு, ஆனா ஏற்கனவே ஒரே மாதிரி இருந்தவங்களுக்கு நடுவுல ஏறின அளவுக்கு இல்ல. டெல்லில கௌதம் ராவ் பண்ண ஆராய்ச்சி இன்னும் கிட்ட வருது. வசதியான தனியார் ஸ்கூல்கள்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு இடம் குடுத்தே ஆகணும்னு 2007ல விதி வந்தப்புறம், சில ஸ்கூல்கள்ல முதல் பேரோட எழுத்து வரிசைப்படி ஸ்டடி குரூப் பிரிச்சிருந்தாங்க, அதனால யார் குரூப்ல ஏழைப் பிள்ளை வந்துதுங்கறது தற்செயல். அப்படி கூட சேந்து படிச்ச வசதியான பிள்ளைங்க மத்தவங்களுக்கு தாராளமா குடுத்தாங்க, ரிலே ரேஸ் டீம் எடுக்கும்போது மெதுவா ஓடற பணக்காரப் பையன விட்டுட்டு வேகமா ஓடற ஏழைப் பையன எடுக்கத் தயங்கல. அப்ப வெறும் பெஞ்ச் மாத்தறதோட நிக்காம, சேந்து செய்ய ஒரு வேலையும் இருந்தா நல்லது நடக்க வாய்ப்பு இருக்குங்கறது என் கணிப்பு. ஆனா அந்த டெல்லி பிரிவு வர்க்கம். நம்ம தெக்கத்தி கிராமத்துல ஸ்கூல் கேட்டுக்கு வெளிய பஸ் ஸ்டாப்புலயும் கோயில் கொடையிலயும் ஜாதி காத்துக்கிட்டு இருக்கும்போது, நாப்பது நிமிஷ பீரியட்ல கிடைச்ச சிநேகிதம் சாயங்காலம் வரைக்கும் தாங்குமாங்கறத இங்க வந்து பாத்தா தான் சொல்ல முடியும். இத யாராவது பண்ணணும்னு நான் ரொம்ப நாளா ஆசைப்படறேன். உங்களுக்கே கூட இது பிடிச்சிருக்கலாம்.

இனி நடைமுறை. எஜுகேஷனா சைக்காலஜியான்னா, உங்ககிட்ட இருக்கறது எம்.எட், அதனால எஜுகேஷன் டிபார்ட்மென்ட் தான் நேர் வழி. சைக்காலஜி டிபார்ட்மென்ட்ல பெரும்பாலும் சைக்காலஜி முதுகலை கேப்பாங்க. தலைப்பு ரெண்டுலயும் பண்ணலாம், கைடு யாருங்கறது டிபார்ட்மென்ட் பேர விட முக்கியம். யூஜிசியோட 2022 விதிப்படி முதுகலைல 55 சதவீதம் வேணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அஞ்சு சதவீதம் தளர்வு), குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, கோர்ஸ்வொர்க் கட்டாயம். பார்ட் டைமும் உண்டு, நீங்க வேலை பாக்கற ஸ்கூல்ல தடையின்மைச் சான்று வாங்கணும். 2024லேந்து நெட் தகுதித் தேர்வு மார்க்க வெச்சும் பிஎச்டி அட்மிஷன் நடக்குது, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபா வரும், வேலைய விட்டுட்டு முழுநேரமா உக்காரலாம். குடும்பச் செலவு உங்க தலைமேலன்னா பார்ட் டைம்ல சேர்றதுல எந்தக் குறையும் இல்ல, சொல்லப் போனா உங்க தலைப்புக்கு தினமும் கிளாஸ்ல இருக்கறது லாபம். ஆனா உங்க சொந்த கிளாஸையே சாம்பிளா எடுக்காதீங்க. மார்க் போடற கைகிட்ட எந்தப் பிள்ளை "வேணாம்"னு சொல்லும்? வேற ஸ்கூல் பாருங்க. அனுமதிக்கு முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ், ஹெச்.எம், பெற்றோர் கையெழுத்து, பிள்ளையோட சம்மதம், இந்த நாலுக்கும் சேத்து குறைஞ்சது மூணு மாசம் ஒதுக்கி வைங்க. வெளிநாட்டுல படிக்கணும்னா ஒண்ணு கவனிங்க, பிரிட்டன்ல எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்ங்கறது சட்டப்படி பதிவு பண்ணிக்க வேண்டிய தொழில், பிள்ளைங்கள நேர்ல பரிசோதிச்சு அறிக்கை எழுதற வேலை. நீங்க கேக்கற ஆராய்ச்சிப் படிப்பு வேற, அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி அந்த கோர்ஸ் எதுக்கு தயார் பண்ணுதுன்னு பாத்துக்கோங்க.

கைட போய் பாக்கும்போது தலைப்ப மட்டும் சொல்லாதீங்க, தலைப்ப சொன்னா அவர் ஒரு டூல சொல்லுவாரு. நீங்க பாத்தத சொல்லுங்க. "ஜூன்ல கை தூக்கின பதினஞ்சு பேர்ல அக்டோபர்ல அஞ்சு பேர் தான் தூக்கறாங்க, மத்த பத்து பேருக்கு இந்த நாலு மாசத்துல என்ன நடந்துதுன்னு பாக்கணும்"னு சொன்னா, நல்ல கைடா இருந்தா அவருக்கும் ஆர்வம் வந்துடும். அவர் அப்பவும் முந்நூறு பேர் கொஸ்டினேர்ல தான் நிக்கறாருன்னா வேற ஆள பாருங்க, மூணு வருஷம் சின்ன காலம் இல்ல.

அதுக்கு முன்னாடி, எங்கயும் சேர்றதுக்கு முன்னாடியே, வர்ற ஜூன்ல உங்க கிளாஸ்ல ஒரு வேலை பண்ணுங்க. இது ஆராய்ச்சி இல்ல, உங்க கண்ண பழக்கறதுக்கு, யார்கிட்டயும் காட்ட வேணாம். கிளாஸ்ல பிள்ளைங்க உக்கார்ற மாதிரியே ஒரு பேப்பர்ல கட்டம் போட்டுக்கோங்க, வாரத்துக்கு ரெண்டு பீரியட் மட்டும். யார் கை தூக்கறாங்களோ அந்த கட்டத்துல ஒரு கோடு, நீங்க யார கூப்பிட்டீங்களோ அதுல ஒரு புள்ளி, தப்பா சொன்னா ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிக்கப்புறம் நீங்க நின்னு க்ளூ குடுத்தீங்கன்னா ஒரு வட்டம், உக்கார வெச்சுட்டு அடுத்த ஆளுக்கு போனீங்கன்னா ஒண்ணும் போடாதீங்க. யாராவது சிரிச்சாங்கன்னா அந்த சிரிப்பு எந்தப் பக்கத்துலேந்து வந்துதுன்னு ஒரு அம்பு. பீரியட் முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள போட்டுடணும், வீட்டுக்கு வந்து போட்டா மறந்துடும். தீபாவளி லீவுல எல்லா பேப்பரையும் தரையில வரிசையா பரப்பி வெச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கடைசி கோடு எந்த வாரம் விழுந்துதுன்னு பாருங்க, அதுக்கு முந்தின வாரத்துல அந்த கட்டத்துல வட்டம் இல்லாத பெருக்கல் குறி இருக்கா, அம்பு இருக்கான்னும் பாருங்க. பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க, சினாப்சிஸ் எழுத நானே உதவி பண்றேன்.